மேரி ஷார்லீப் அம்மையாரும் அவர்தம் ஆசிரியர்களும்

கல்வி நூலால் மட்டும் நிரம்புவதன்று. ஆசிரியர் ஒருவரை அடுத்து, அவர் அருகிருந்து பெறுவதே நிறைந்த கல்வி என்பது நம் முன்னோர் கொண்ட முடிபு. பிற துறைகளில் இம்முடிபிற்கு விலக்குக் கூறுவார் உளர். மருத்துவத் துறையில் விலக்கு இல்லை. நோயாளியின் நாடியைத் தொட்டறியும் விரலையும், கத்தி எடுக்க வேண்டிய வேளையையும், எடாது பொறுத்திருக்க வேண்டிய வேளையையும் அச்சிட்ட தாள் ஒருபோதும் கற்பிக்கவல்லதன்று.

அடையாற்றின் கரையில் உள்ள அனகாபுத்தூர் நெசவாளர் வாழும் ஊர் என்பதை இச்சஞ்சிகையைப் படிப்போர் அறிவர். அங்குத் தறியில் அமரப்போகும் சிறுவன் முதலில் தார் சுற்றுவான். பின்னர் அறுந்த இழையை முடிவான். நாடா எறியும் மூத்தோர் கையைப் பன்னாள் பார்த்திருப்பான். பாவின் இழுப்பு எவ்வளவு இருத்தல் வேண்டுமென்பதை எவரும் அவனுக்குச் சொல்லால் உரைப்பதில்லை. பார்த்திருந்த கண்ணும் பழகிய கையுமே அதனை அறிவிக்கும். மருத்துவமும், அதனுள்ளும் அறுவையும் மகப்பேறும், இத்தகைய கைத்தொழிற் கல்வியே.

ஆயின், தறிக்கு அருகே அமரவே இடங்கொடாவிடின் அச்சிறுவன் யாது செய்வான்? கற்க விழைவோர் பலராய், இடம் சிலவாய், கற்பிப்போர் மனமும் இறுகியிருப்பின், மாணவன் தன் ஆசிரியரை எங்ஙனம் பெறுவான்? இவ்வினா இந்நாளில் மேற்படிப்புக்கு முயலும் மருத்துவ மாணவரை வாட்டுவது போலவே, ஒன்றரை நூற்றாண்டுகட்கு முன்னர் நம் சென்னை மாநகரில் ஒரு மாதரசியையும் வாட்டியது. அவரே மேரி ஷார்லீப் அம்மையார். அவர் அதற்கு விடை கண்ட வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக வரைவாம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1845-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இலண்டன் மாநகரில் பிறந்தார். பிறந்த சின்னாளிலேயே அன்னையை இழந்தார். பாட்டன் பாட்டியர் அவரை வளர்த்தனர். மகவை ஈன்ற தாய் சில நாளில் மறைவதென்பது அக்காலத்தில் எந்நாட்டிலும் அருநிகழ்ச்சி அன்று. இலண்டனிலும் வியன்னாவிலும் புகழ்பெற்ற மருத்துவ நிலையங்களிலேயே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அம்மையார் பிறந்து ஈராண்டு கழித்து, 1847-இல், வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையைத் தூய்மை செய்யாது பிரசவ அறைக்குள் வருவதே இக்கேட்டிற்குக் காரணம் என்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவும் முறையைப் புகுத்தினார். சாவு பெரிதும் குறைந்தது. ஆயினும் மூத்த மருத்துவர் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். அறிந்தோர் வாய்மை உரைத்தும் உலகம் செவி சாய்க்காத காலத்திலேயே அம்மையாரின் இளமை கழிந்தது.

1865-இல் அவர் வில்லியம் மேசன் ஷார்லீப் என்னும் வழக்குரைஞரை மணந்து, அவர் தொழில் புரிந்த சென்னைக்குக் கப்பலேறினார். அங்கு இரு புதல்வரும் ஒரு புதல்வியும் பிறந்தனர். கணவரின் சட்ட எழுத்துப் பணியில் துணைபுரிந்து, இல்லறத்தை நடத்தி, அந்நாளைய ஐரோப்பிய மாதர் பலரைப் போலவே அவரும் காலங்கழித்திருக்கலாம். அவ்வாறு கழிக்க அவர் உள்ளம் இடந்தரவில்லை.

சென்னையில் கண்ட துயர்

கணவரின் அலுவலகத்தில் பணிபுரிந்தோர் வாயிலாகவும் பிறர் வாயிலாகவும், உள்ளூர் இல்லங்களில் பிரசவ காலத்தில் நேரும் துன்பங்களை அம்மையார் கேள்வியுற்றார். கோஷா முறையைக் கைக்கொண்ட இசுலாமிய மாதரும், அயல் ஆடவர் முன் தோன்றாத இந்து மாதரும் ஆண் மருத்துவரைத் தம் அருகே வரவொட்டார். பெண் மருத்துவரோ அந்நாளில் இல்லை. வழிவழியாக வந்த மருத்துவச்சியர் இயல்பான பேற்றிற்குத் துணை நின்றனர். குழந்தை குறுக்கே கிடப்பினும், குருதி நில்லாது பெருகினும், அவர்தம் கைத்திறன் பயன்படாதொழிந்தது. வீதியின் மறுமுனையில் மருத்துவசாலை இருந்தும், வாயிலைக் கடவாமலே பெண்டிர் மாண்டனர்.

இதனைத் தீர்க்கும் வழி ஒன்றே என அம்மையார் துணிந்தார். பெண்ணே மருத்துவம் பயிலல் வேண்டும். அதுவும் மகப்பேற்று மருத்துவம் பயிலல் வேண்டும். முதற்கண் சென்னைப் பிரசவ மருத்துவசாலையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். 1844-இல் நிறுவப்பெற்ற அம்மருத்துவசாலையே பின்னர் எழும்பூரில் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்து இன்றும் விளங்குகின்றது. பயிற்சி பெறப்பெற, தாம் அறியாதன எத்துணை என்பதை அம்மையார் அறிந்தார். சிக்கலான பேற்றில் செய்வதறியாது நிற்கும் மருத்துவச்சியாக அமைய அவர் விரும்பவில்லை. முழு மருத்துவராதல் வேண்டும் என்பது உறுதியாயிற்று.

வாயிலைத் திறந்தவர்

உறுதி கொள்ளுதல் எளிது; கலாசாலையினுள் புகுதல் அரிது. பிரிட்டனில் எடின்பரோ சர்வகலாசாலையில் சோபியா ஜெக்ஸ் பிளேக் முதலிய மாதர் 1869-இல் மருத்துவ வகுப்பிற் சேர்ந்தனராயினும், எதிர்ப்பும் இகழ்ச்சியும் அவர்களைச் சூழ்ந்தன. 1870-இல் தேர்வெழுதச் சென்றோரைக் கூட்டம் வழிமறித்துக் கலகம் விளைத்தது. இறுதியில் அவர்கட்குப் பட்டமும் மறுக்கப்பட்டது.

சென்னையிலோ வேறொரு காற்று வீசியது. அரசாங்க மருத்துவத் துறைத் தலைவராய் இருந்த எட்வர்டு பால்பர் என்பார், இந்நாட்டு மாதர்க்கு மாதரே மருத்துவராக வேண்டும் என்னும் கருத்துடையவர். இந்திய நாட்டைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவரும், சென்னை அருங்காட்சியகத்தின் முதற் பொறுப்பாளருமான இப்பேரறிஞர், மருத்துவக் கலாசாலையில் பெண்களைச் சேர்க்க வேண்டுமென அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக 1875-இல் ஷார்லீப் அம்மையாரும் வேறு மூன்று மாதரும் சென்னை மருத்துவக் கலாசாலையில் மாணவியராயினர். அப்போது அம்மையாருக்கு வயது 30. மூன்று பிள்ளைகட்குத் தாய்.

பால்பர் அம்மையாருக்கு ஒரு பாடமேனும் நடத்தியவர் அல்லர். எனினும் ஆசிரியர் வரிசையில் அவரை முதற்கண் வைத்தல் தகும். மாணவரின் முகத்தையும் காணாது, அவர் வருதற்கு முன்னரே தாழ்ப்பாளை நீக்கி வைப்போரும் ஆசிரியரே அன்றோ?

கற்பிக்க மறுத்தவர்

கலாசாலையில் இடம் கிடைத்தமையால் இடர் தீர்ந்திலது. விதியால் அளிக்கப்பட்ட இடம் வேறு. மனத்தால் அளிக்கப்படும் கல்வி வேறு. மகப்பேற்றுப் பிரிவில் பொறுப்பு வகித்த மருத்துவர், பெண் மருத்துவர் என்னும் எண்ணத்தையே விரும்பாதவர். வார்டுகளில் அம்மையார் நடந்து செல்வதைத் தாம் தடுக்கவியலாது என்றும், அவருக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தாம் ஏற்கப்போவதில்லை என்றும் அவர் தெரிவித்துவிட்டார்.

மாணவ நண்பர்காள்! இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுமின். தாம் பெரிதும் விரும்பிய துறையிலேயே கற்பிக்க வேண்டியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மையார் மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிந்திருக்கலாம். மேலிடத்திற்கு முறையிடலாம், துறையை மாற்றிக்கொள்ளலாம், இல்லத்திற்குத் திரும்பிவிடலாம். அவர் மூன்றையும் விடுத்து நான்காவது வழியைக் கண்டார். நடக்கத் தடையில்லை என்றனர், ஆதலின் நடந்தார். வார்டு தோறும் நடந்தார். ஒவ்வொரு கட்டிலின் அருகும் நின்றார். கண்ணாற் கண்டதைக் கருத்தில் இருத்தினார். மறுப்புரையினுள் மறைந்திருந்த சிறு இசைவையே தமக்குரிய வகுப்பறையாக ஆக்கிக்கொண்டார்.

நாள் செல்லச் செல்லப் பொழுது தவறாது வரும் மாணவியைக் காணாததுபோல் இருத்தல் எவருக்கும் இயலாதாயிற்று. ஒதுக்கி வைத்தோரும் உளம் நெகிழ்ந்தனர். கற்பித்தல் தொடங்கிற்று. 1878-இல் அம்மையார் மருத்துவம், அறுவை, மகப்பேறு ஆகியவற்றில் தேர்ந்து கலாசாலையின் உரிமச் சான்று பெற்றார். ஆசிரியரை வேண்டிப் பெறுதல் ஒன்று. உழைப்பினால் ஆசிரியரை உண்டாக்கிக்கொள்ளுதல் மற்றொன்று. அம்மையார் செய்தது பின்னது.

நேர்மையின்பொருட்டு ஒன்று கூறல் வேண்டும். அம்மையாருக்கு ஐரோப்பியர் என்னும் நிலையும், கணவரின் ஆதரவும், பொருளும் துணை நின்றன. இந்நாட்டுப் பெண்ணொருத்தி அவர் போன்றே உறுதி கொண்டிருப்பினும், அத்துணையெல்லாம் அவளுக்கு வாய்த்திரா. உறுதியால் எல்லாம் ஆகும் என்று கூறுதல் மிகை. கதவைத் திறந்து வைக்கும் பால்பர்களும் வேண்டும். திறந்த கதவின் வழி அஞ்சாது நடக்கும் ஷார்லீப்களும் வேண்டும்.

இலண்டனும் வியன்னாவும்

சென்னையில் பெற்ற சான்று அம்மையாரின் நோக்கத்திற்குப் போதியதன்று. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் இங்கிலாந்து சென்றார். அவர் சென்ற காலமும் நற்காலமாய் அமைந்தது. 1874-இல் இலண்டனில் மாதர்க்கெனவே ஒரு மருத்துவக் கலாசாலை நிறுவப்பட்டிருந்தது. 1877-இல் ராயல் பிரீ மருத்துவமனை அம்மாணவியர்க்குத் தன் வார்டுகளைத் திறந்துவிட்டது. 1878-இல் இலண்டன் சர்வகலாசாலை தன் பட்டங்களைப் பெண்களும் பெறலாம் என இசைந்தது.

அங்கே அவருக்கு வாய்த்தவர் எலிசபெத் காரட் ஆண்டர்சன் அம்மையார். பிரிட்டனில் 1865-இல் மருந்தாளர் சங்கத்தின் உரிமம் பெற்று மருத்துவரானவர் அவர். அவருக்குப் பின் வேறெப்பெண்ணும் அவ்வழியில் வாராவண்ணம் அச்சங்கம் தன் விதியை மாற்றியது. 1870-இல் பாரிஸ் நகரில் பட்டம் பெற்று, பின்னர் மாதரே நடத்தும் மருத்துவமனை ஒன்றை இலண்டனில் தோற்றுவித்தார். தாம் பட்ட இடர்களைப் பின்வருவோர் படலாகாது என்பதே அவர் கொள்கை. சென்னையில் வலிந்து பெற்ற கல்வியை இலண்டனில் ஷார்லீப் அம்மையார் அன்பினாற் பெற்றார்.

முப்பதைக் கடந்த வயதில், முன்னரே ஒரு சான்று கையிலிருந்தும், அவர் மீண்டும் முதற்படியிலிருந்தே தொடங்கினார். 1882-இல் மருத்துவத்திலும் அறுவையிலும் பட்டங்களைச் சிறப்புடன் பெற்றார். மகப்பேற்று மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் அவருக்கே கிட்டியது. அச்சர்வகலாசாலையில் முதன்முதல் மருத்துவப் பட்டம் பெற்ற மாதர் இருவருள் அவர் ஒருவர். பின்னர் வியன்னா சென்று, மகப்பேற்றில் அறுவை முறைகளைக் கற்றார். ஒரு தலைமுறைக்கு முன் செம்மல்வைஸ் கை கழுவச் சொல்லி இகழப்பட்ட அந்நகரிலேயே, தாயை இழந்த மகள் தாய்மாரைக் காக்கும் கலையைப் பயின்றார்.

மீண்டும் சென்னை

1883-இல் இந்தியாவுக்குப் புறப்படுமுன் விக்டோரியா அரசியார் அவரை அழைத்து, இந்நாட்டு மாதர் நிலையைக் கேட்டறிந்தார். சென்னை வந்த அம்மையார் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். எந்தக் கலாசாலையில் வார்டில் நடக்க மட்டும் இசைவு பெற்றாரோ, அங்கேயே மகப்பேற்று மருத்துவம் கற்பிப்பவராகவும் அமர்ந்தார்.

1885-இல் அவர் முயற்சியால் மாதர்க்கென ஒரு மருத்துவமனை சென்னையில் தோன்றிற்று. அரசியாரின் பெயரைத் தாங்கிய அது, சாதி இந்து மாதர்க்கும் கோஷா மாதர்க்கும் உரியதாகப் பெயரிலேயே குறிக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே டப்ரின் சீமாட்டியார் இந்திய மாதர்க்கு மருத்துவ உதவி அளிக்க நிதியம் ஒன்றை நிறுவினார். அம்மருத்துவமனையின் பெயர் அக்காலச் சமூகத்தின் நிறையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது. வாயில் கடவாத மாதர்க்கு அது வாயில் திறந்தது; எனினும் சாதியால் ஒதுக்கப்பட்ட மாதரை அப்பெயர் புறத்தே நிறுத்தியது. பிற்காலத்தில் அப்பெயர் நீங்கி, கஸ்தூரிபா காந்தி பெயரால் திருவல்லிக்கேணியில் அது இன்றும் நடைபெறுகின்றது. எவ்வகை வேற்றுமையுமின்றித் தாய்மார் அங்கே பிள்ளை பெறுகின்றனர்.

மிகுந்த உழைப்பினால் அம்மையாரின் உடல்நலம் குன்றியது. 1887-இல் அவர் சென்னையை விட்டு இங்கிலாந்து திரும்ப நேர்ந்தது. நான்காண்டுகளே அவர் மருத்துவராக இங்கு வாழ்ந்தார். நடப்பட்ட மரமோ அவர் சென்ற பின்னும் நிழல் தந்தது.

மாணவி ஆசிரியரானமை

1888-இல் இலண்டன் சர்வகலாசாலையின் மேனிலை மருத்துவப் பட்டத்தை அவர் பெற்றார். அதனைப் பெற்ற முதற்பெண் அவரே. காரட் ஆண்டர்சன் அம்மையார் தம் மருத்துவமனையில் அவருக்கு அறுவைப் பணியளித்தார். 1892-இல் ஆசிரியை ஓய்வுற, அவர் வகித்த தலைமை அறுவை மருத்துவர் பதவியில் மாணவி அமர்ந்தார். நல்லாசிரியர் செய்யும் இறுதி உதவி இதுவே போலும். கற்பித்தலோடு நில்லாது, உரிய காலத்தில் எழுந்து தம் இருக்கையை ஒழித்துத் தருதல் எல்லார்க்கும் இயல்வதன்று.

1902-இல் ராயல் பிரீ மருத்துவமனையில் மாதர் நோய் மருத்துவராக அம்மையார் நியமிக்கப்பட்டார். மாதர் மருத்துவக் கலாசாலையில் பல்லாண்டு கற்பித்தார். பெண் அறுவை மருத்துவர் என்றால் ஐயுற்ற ஊரில், வயிற்றறுவையில் தேர்ந்தவர் எனப் பெயர் பெற்றார். 1920-இல் மாதர் நீதிபதிகளாகும் உரிமை பெற்றபோது இலண்டனில் முதன்முதல் அமர்த்தப்பட்டோருள் அவரும் ஒருவர். 1924-இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1926-இல் அரசாங்கம் டேம் என்னும் உயர் விருதளித்தது. 1930-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், 85 வயது நிரம்பப் பெற்று, இலண்டனில் உயிர் நீத்தார்.

வழிவழி வந்தோர்

அம்மையார் நடந்த வழியில் பலர் நடந்தனர். கல்கத்தாவில் பெண்களுக்கு இடமளிக்காமையால் அபலா தாஸ் என்னும் வங்க நங்கை 1882-இல் சென்னைக் கலாசாலையை நாடி வந்தார். பின்னர் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸை மணந்து, மகளிர் கல்விக்குப் பெருந்தொண்டு புரிந்தவர் அவரே. புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி 1907-இல் அதே கலாசாலையிற் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். சட்டசபையில் துணைத் தலைவராய் அமர்ந்ததும், தங்கை புற்றுநோயால் மாண்ட துயரத்தை உள்ளத்தில் வைத்து 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் இயங்கக் காரணமானதும் நாடறிந்தவை. 1875-இல் நால்வர் நுழைந்த வாயில் அதன்பின் மூடப்படவில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று மாணவர் கொள்ளத்தக்கது யாது? இன்று துறையை முடிவு செய்வது பெரும்பாலும் நுழைவுத் தேர்வில் பெறும் எண்ணே. இடம் கிடைத்தும், பெரிய மருத்துவமனையில் நூறு மாணவருள் ஒருவராய் நிற்கும் இளைஞர், தம்மைத் தம் பெயரால் அறியும் ஆசிரியர் ஒருவரும் இல்லையே என ஏங்குவதுண்டு. அவர்கட்கு அம்மையாரின் வாழ்க்கை ஒன்றைத் தெளிவாக்கும். ஆசிரியர் ஒரே உருவில் வருவதில்லை. பால்பர் வாயில் திறந்தார். மகப்பேற்றுப் பிரிவின் தலைவர் மறுத்துப் பின்னர் இசைந்தார். காரட் ஆண்டர்சன் அம்மையார் தம் இருக்கையையே அளித்தார். முதலாமவரை மாணவர் தேடவியலாது. அவர் காலத்தின் கொடை. மூன்றாமவரைத் தொடக்கத்திலேயே எதிர்பார்த்தல் தகாது; அவர் உழைப்பின் பயன். நம் கையில் உள்ளது இரண்டாமவரைப் பெறுதல். நடக்கத் தடையில்லையாயின் நடத்தல் வேண்டும். நிற்க இடமிருப்பின் நிற்றல் வேண்டும். ஒருவர் நம்மைக் காணும் வரை அங்கேயே இருத்தல் வேண்டும்.

இக்கலாசாலையிற் பயின்று, இன்று மருத்துவராகவும் பேராசிரியராகவும் பிற தொழில்களில் மூத்தோராகவும் விளங்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். அனகாபுத்தூரிலிருந்தும் அதனையடுத்த ஊர்களிலிருந்தும் நாளை ஒரு நெசவாளர் மகள் உங்கள் வார்டின் வாயிலில் வந்து நிற்கலாம். அவளுக்குப் பரிந்துரைப்பார் எவரும் இல்லாதிருக்கலாம். நடந்து செல்லத் தடையில்லை என்று கூறி அமையாதீர்கள். நான்கடி அவளுடன் நடந்து, கட்டிலருகே நிறுத்தி, இதனைப் பார் என்று காட்டுங்கள். ஷார்லீப் அம்மையாருக்கு அது கிடைக்கச் சில காலம் பிடித்தது. அவளுக்கு அது முதல் நாளிலேயே கிடைக்கட்டும்.